ஒரு கரண்டி சோற்றைக் குறைத்து ஒரு கரண்டி பருப்பைக் கூட்டுங்கள்

கேள்வி இதுதான்: வடசென்னை கொருக்குப்பேட்டையில் ஐந்து பேர் குடும்பம். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறார்கள், வீடு திரும்ப ஏழு மணி ஆகிவிடுகிறது. மாமியாருக்குச் சர்க்கரை. மகள் எட்டாவது, மகன் மூன்றாவது, இரண்டு பேருமே மாநகராட்சிப் பள்ளி. இரண்டு அடுப்பு, ஒரு 5 லிட்டர் குக்கர், சின்ன ஃபிரிட்ஜ். அரை மணி நேரத்தில் எல்லோருக்கும் சத்தாக என்ன சமைப்பது, பிள்ளைகளின் கடைத் தீனியை எப்படி நிறுத்துவது?

சமையல் குறிப்புக்குப் போகும் முன் ஒரு சின்னக் கணக்கு. ரேஷனில் மாதம் 1 கிலோ துவரம்பருப்பு வருகிறது. பல வீடுகளில் மாதம் முழுக்க அதுதான் பருப்பு. 30 நாளைக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 33 கிராம், ஐந்து பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு 7 கிராம்கூட வராது. அதில் கிடைக்கும் புரதம் ஒன்றரை கிராம். 55 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது சுமார் 46 கிராம் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 அளவு, கிலோ எடைக்கு 0.83 கிராம்). நம் வீடுகளில் வயிறு நிறைகிறது, ஆனால் தட்டில் முக்கால்வாசி சோறு. மீதிக் கால்வாசியில் தண்ணியான சாம்பார், ஒரு ஸ்பூன் பொரியல், அப்பளம். மாலை நாலு மணிக்கே பிள்ளைக்கு மறுபடி பசிப்பதும், மகள் சோர்ந்து சோர்ந்து படுப்பதும், மாமியாருக்குச் சர்க்கரை ஏறுவதும் பெரும்பாலும் இந்த ஒரே தட்டிலிருந்து வருபவை. அதனால் பதார்த்தங்களின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டியதில்லை. ஒரே பாத்திரத்துக்குள் விகிதத்தை மாற்றினால் போதும்.

மீனும் முட்டையும் சாப்பிடும் வீடாக இருந்தாலும் பருப்பு, பயறு, கடலை எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஒரு நாளைக்கு 40 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேருக்கு மாதம் 6 கிலோ. ரேஷனில் வரும் 1 கிலோ போக 1 கிலோ துவரை, 1 கிலோ பாசிப்பயறு, 1 கிலோ கறுப்புக் கொண்டைக்கடலை, 1 கிலோ வேர்க்கடலை, 1 கிலோவுக்கு உளுந்தும் கடலைப்பருப்பும். மாதச் சம்பளம் வந்ததும் கொத்தவால்சாவடிப் பக்கம் மளிகை மொத்தக் கடையில் ஒரே தடவையாக வாங்கிவிட்டால், தெருக்கடையில் கால் கிலோ கால் கிலோவாக வாங்குவதைவிடக் குறைவாகவே முடியும். வேர்க்கடலையைக் கொட்டிப் பார்த்துச் சுருங்கியது, கறுத்தது, வாயில் போட்டால் கசப்பது எல்லாவற்றையும் தூர எறியுங்கள். பூஞ்சை விஷம் அந்த மாதிரிக் கடலையில்தான் இருக்கும், வறுத்தாலும் போகாது.

இனி ஒரே குக்கரில் ஆகும் ராச்சாப்பாடு. 200 மில்லி டம்ளர்தான் அளவு. வழக்கமாக நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்பு போடுவோம். அதை இரண்டுக்கு ஒன்று ஆக்குங்கள்: அரிசி 2 டம்ளர், துவரம்பருப்பு 1 டம்ளர். இதில் ஆளுக்கு 12 கிராம் புரதம் சேர்கிறது. அரிசியில் குறைவாக இருப்பது பருப்பில் உண்டு, பருப்பில் குறைவாக இருப்பது அரிசியில் உண்டு, அதனால் இரண்டும் சேரும்போது புரதத்தின் தரமும் கூடும். வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாகப் பருப்பை வெந்நீரில் ஊறப் போட்டுவிட்டு முகம் கழுவப் போங்கள். 20 நிமிடம் ஊறினால் போதும். பிறகு அரிசி, பருப்பு, 8 டம்ளர் தண்ணீர், மஞ்சள்தூள் அரை டீஸ்பூன், எண்ணெய் அரை டீஸ்பூன், முருங்கைக்காயோ பூசணியோ கத்திரிக்காயோ கால் கிலோ. நடுத்தரத் தீயில் 4 விசில் விட்டு, பிரஷர் தானாக அடங்கும் வரை விடுங்கள். பருப்பு நுரைத்து மேலே ஏறும், வெயிட் போடும் துளையை அடைக்கும். அதற்காகத்தான் அந்த அரை டீஸ்பூன் எண்ணெய். குக்கர் பாதிக்கு மேல் நிறையவும் கூடாது. மேலே சொன்ன அளவு 5 லிட்டர் குக்கருக்குச் சரியாக இருக்கும்.

அது வேகும் நேரத்தில் அடுத்த அடுப்பில் சின்ன எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து, சாம்பார்த்தூள் 2 டேபிள்ஸ்பூன், உப்பு, ஒரு தக்காளி போட்டுப் பச்சை வாசனை போகக் கொதிக்க விடுங்கள். குக்கரைத் திறந்ததும் இதை ஊற்றிக் கிளறி, வடகம் தாளித்துக் கொட்டினால் முடிந்தது. புளியையும் தக்காளியையும் முதலிலேயே குக்கரில் சேர்த்துவிட்டால் பருப்பு முழிக்கும். புளிப்பு பருப்பை இறுக்கிவிடும், எத்தனை விசில் விட்டாலும் குழையாது. "பருப்பு வேகவே மாட்டேங்குது" என்ற புகாருக்கு நம் பக்கத்தில் இன்னொரு காரணமும் உண்டு, போர் தண்ணீர். தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் என்று எந்தப் பக்கம் போனாலும் நிலத்தடி நீர் உப்பு. அதில் உள்ள சுண்ணாம்பு பருப்பை மென்மையாக வேக விடாது. ஊறவைக்கவும் வேகவைக்கவும் மெட்ரோ தண்ணீரோ கேன் தண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள், கழுவ மட்டும் போர் தண்ணீர் போதும். ஆப்பசோடா போட்டு வேகவைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பருப்பு குழையும்தான், கூடவே அதிலிருக்கும் பி1 வைட்டமின் பாழாகிவிடும்.

ரேஷன் அரிசியில் சில மணிகள் மட்டும் வேறு நிறமாக, மங்கலாகத் தெரிந்தால் அதைப் பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கி எறிகிறார்கள். பார்க்கவே மனசு பதைக்கிறது. அது அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 கலந்து மணியாக வார்த்தது. 100 அரிசிக்கு ஒன்று என்ற கணக்கில் சேர்ப்பார்கள். உங்கள் மகளுக்குத் தேவையானதே அந்த மணியில்தான் இருக்கிறது. அப்படி வந்தால் இரண்டு தண்ணீரில் லேசாகக் களைந்து குக்கரில் வையுங்கள். நிறையத் தண்ணீரில் வேகவைத்துக் கஞ்சியை வடித்துக் கொட்டினால் சத்தும் கொஞ்சம் கஞ்சியோடு போய்விடும்.

கீரை. வாரம் நான்கு நாளாவது வேண்டும், அரைக்கீரையோ சிறுகீரையோ முருங்கையோ. நேரம் தின்பது ஆய்வதுதான். ஞாயிற்றுக்கிழமை இரண்டு கட்டு ஆய்ந்து, கழுவாமல், துணியில் சுற்றி டப்பாவில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். கழுவி வைத்தால் அழுகும். அகலமான பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு அலசி, கீரையைக் கையால் அள்ளி எடுத்து வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். தண்ணீரோடு சேர்த்துக் கவிழ்த்தால் அடியில் படிந்த மண் மறுபடி கீரை மேலேயே விழும். மூன்று தடவை இப்படிச் செய்துவிட்டுப் பிறகு நறுக்குங்கள். குக்கர் சாதத்தில் சேர்ப்பதானால் மூடியைத் திறந்த பிறகு, கொதிக்கக் கொதிக்க இருக்கும்போது போட்டு 4 நிமிடம் அடுப்பில் வைத்தால் போதும். மூடி போட்டு நெடுநேரம் வேகவைத்தால் பச்சை நிறம் போய்ப் பாசியாகக் கறுத்துவிடும். அதைப் பார்த்துத்தான் பிள்ளைகள் கீரையை வேண்டாம் என்கின்றன. இறக்கியதும் அரை எலுமிச்சம்பழம் பிழியுங்கள், கீரையின் இரும்புச்சத்து உடலில் சேர அந்தப் புளிப்பு உதவும். சாப்பிட்ட கையோடு டீ குடிப்பது அந்த வேலையைக் கெடுத்துவிடும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கட்டும்.

மீன் விஷயத்தில் காசிமேடு பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு கொடுப்பினை இருக்கிறது, அதை வஞ்சிரத்தின் பின்னால் ஓடித் தொலைக்க வேண்டாம். வஞ்சிரத்துக்குக் கொடுக்கும் காசில் மத்தி, கவளை, நெத்திலி, காரப்பொடி பல மடங்கு வரும். மத்தியில் இருக்கும் நல்ல கொழுப்பு இதயத்துக்கும் வளரும் மூளைக்கும் வேண்டியது. சின்ன மீனில் பாதரசமும் குறைவு. சுறா மாதிரி மற்ற மீனைத் தின்று வளரும் பெரிய மீனில்தான் அது சேர்ந்துகொண்டே போகும், அதனால் கர்ப்பிணிக்கும் சின்னப் பிள்ளைக்கும் சின்ன மீன்தான் நல்லது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடை. அப்போது விலை ஏறும், கரையோரம் பிடித்து வரும் ஃபைபர் படகு மீன்தான் புதிதாகக் கிடைக்கும். அந்த இரண்டு மாதமும் முட்டையையும் கடலையையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்து வரும்போது மாலை மீன் வாங்கினால் ஒன்றைக் கவனியுங்கள். மத்தி, கானாங்கத்தை, சூரை மூன்றும் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவக்கும், உடம்பு அரிக்கும், தலை வலிக்கும். கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் அது போகாது. கண் குழியாமல், செவுள் சிவப்பாக, விரலால் அழுத்தினால் பள்ளம் நிற்காமல், ஐஸ் மேலேயே இருக்கும் மீனாகப் பார்த்து வாங்குங்கள். ஐஸ் இல்லையா, அன்றைக்கு மீன் வேண்டாம்.

மத்தியை முள்ளோடு சாப்பிட ஒரு வழி உண்டு. சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு இதைவிட நல்ல மீன் சமையல் இல்லை. தலையும் குடலும் நீக்கிய மத்தி அரை கிலோ. குக்கர் அடியில் நல்லெண்ணெய் 2 டேபிள்ஸ்பூன் ஊற்றி, நசுக்கிய பூண்டு 15 பல், கறிவேப்பிலை பரப்பி, மீனை நெருக்கமாக அடுக்குங்கள். கெட்டியான புளிக்கரைசல் 1 டம்ளர், தண்ணீர் அரை டம்ளர், குழம்பு மிளகாய்த்தூள் ஒன்றரை டேபிள்ஸ்பூன், மஞ்சள், உப்பு கலந்து மேலே ஊற்றுங்கள். முதல் விசில் வந்ததும் தீயை நன்றாகக் குறைத்து 25 நிமிடம். பிரஷர் தானாக அடங்கியதும் திறந்து நடுமுள்ளை விரலால் அழுத்திப் பாருங்கள், சாக்பீஸ் மாதிரிப் பொடியும். சோற்றில் பிசைந்து அப்படியே கொடுக்கலாம், முள்ளிலிருக்கும் கால்சியம் முழுக்க உள்ளே போகும். பருப்பை இறுக்கிய அதே புளிப்பு இங்கே முள்ளைக் கரைக்கிறது. தண்ணீரைக் குறைத்தால் அடிபிடிக்கும். 25 நிமிடத்துக்கு முன்னால் திறந்தால் முள் பாதி வெந்து நிற்கும், அதுதான் தொண்டையில் குத்தும். முதல் கவளத்துக்கு முன் ஒவ்வொரு தடவையும் அழுத்திப் பார்த்துவிட்டே பிள்ளைக்குக் கொடுங்கள்.

கருவாடு நல்ல புரதம், ஆனால் உப்பு மூட்டை. வெந்நீரில் 10 நிமிடம் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குழம்பில் தனியாக உப்பே போடாமல் செய்யுங்கள். பிரஷர் உள்ளவர்களுக்கு வேண்டாம். உப்பைப் பொறுத்தவரை ஓர் எளிய சோதனை: ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராம் என்றால் ஐந்து பேருக்கு மாதம் 750 கிராம். 1 கிலோ பாக்கெட் 40 நாள் வந்தாக வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாட்டில் வருவது தனி என்பதால் இன்னும் கொஞ்ச நாள் கூடவே வரவேண்டும். உங்கள் வீட்டில் இருபது நாளில் பாக்கெட் தீர்ந்தால் கை தாராளம் என்று அர்த்தம். எண்ணெயும் அப்படித்தான், ரேஷன் பாமாயில் 1 லிட்டரோடு கடலெண்ணெய், நல்லெண்ணெய் சேர்த்து மொத்தம் மூன்றரை லிட்டருக்குள் நிறுத்துங்கள்.

மகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எட்டாவது படிக்கும் பெண், மாதவிடாய் ஆரம்பிக்கும் வயது, இரும்புச்சத்துக் குறைவுக்கு முதலில் ஆளாவது அவள்தான். காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைதான். உங்கள் மகனுக்குக் காலையில் பொங்கலோ கிச்சடியோ பள்ளியிலேயே கிடைத்துவிடுகிறது, மகளுக்கு இல்லை. மதியச் சத்துணவு முட்டையோடு இரண்டு பேருக்கும் உண்டு. ஆக, நீங்கள் அடைக்க வேண்டிய முதல் ஓட்டை மகளின் காலை. டீயும் பொறையும் காலை உணவாகாது. வாரம் மூன்று நாள் அடை: புழுங்கலரிசி 2 டம்ளர், துவரை 1, கடலைப்பருப்பு அரை, உளுந்து அரை, மிளகாய் 6, இஞ்சி ஒரு துண்டு. இரவு ஊறவைத்துக் காலையில் அரைத்தால் அப்படியே வார்க்கலாம், புளிக்க வேண்டியதில்லை. மாவு புளித்துப்போகுமோ என்ற கவலையும் இல்லை. அதில் ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை போடுங்கள். அரிசியைக் குறைத்துப் பாசிப்பயறு கூட்டினால் பெசரட்டு, தெலுங்கு பேசும் அக்கம்பக்கத்து வீடுகளைக் கேட்டால் இன்னும் நல்ல பக்குவம் சொல்வார்கள்.

கறி எடுக்கும் நாளில் மாதம் இரண்டு முறையாவது ஆட்டுச் சுவரொட்டி (மண்ணீரல்) அல்லது ஈரல் வாங்கி அவளுக்கு முதல் பங்கு வையுங்கள். ரத்தப் பொரியல், மாட்டுக்கறி சாப்பிடும் வீடென்றால் அதுவும் நல்லதே, கீரையின் இரும்பைவிட இறைச்சியின் இரும்பு உடலில் எளிதாகச் சேரும். நம் வீடுகளில் ஆண்களுக்கும் பையன்களுக்கும் போட்டு மிச்சமிருக்கும் குழம்பில் பெண்கள் சாப்பிடுகிறார்களே, அந்த வரிசையை மாற்றினாலே பாதி ரத்தசோகை குறையும் என்பது என் உறுதியான எண்ணம். பள்ளியில் வாரம் ஒரு முறை கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொல்லுங்கள். வெறும் வயிற்றில் குமட்டும், அந்தப் பயத்தில் பிள்ளைகள் ஒளித்துவைத்துவிடுகிறார்கள்.

மாமியாருக்கு வேறு சமையல் தேவையில்லை, தட்டுதான் வேறு. சோற்றை அதே 200 மில்லி டம்ளரால் ஒரு டம்ளர் அளந்து போடுங்கள், கூட்டும் கீரையும் இரண்டு கரண்டி, மீனோ முட்டையோ ஒன்று. முதலில் கூட்டைச் சாப்பிட்டு அப்புறம் சோற்றுக்கு வரட்டும். கேழ்வரகுக் கூழ் சர்க்கரைக்கு நல்லது என்று சொம்பு சொம்பாகக் குடிப்பது தவறு. மாவாக அரைத்துக் குழைய வெந்து கரைத்தது வேகமாகச் செரிக்கும், சர்க்கரையும் வேகமாக ஏறும். கேழ்வரகு அவருக்கு வேண்டுமென்றால் கீரை போட்ட ரொட்டியாக ஒன்று, அதிகம் போனால் இரண்டு. மாத்திரையோ ஊசியோ போடுபவருக்குத் திடீரென்று சோற்றைப் பாதியாக்கினால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம், டாக்டரிடம் சொல்லிவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். அதே கூழ் உங்கள் பிள்ளைகளுக்கு அருமையான கால்சியம். 1 டம்ளர் கேழ்வரகு மாவை 2 டம்ளர் தண்ணீரில் கரைத்து இரவு முழுக்கப் புளிக்க வைத்து, மறுநாள் அரை டம்ளர் நொய்யை 4 டம்ளர் தண்ணீரில் வேகவைத்து அதில் ஊற்றி, கட்டி தட்டாமல் 15 நிமிடம் கிளறுங்கள். ஈரக் கையால் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். ஆறியதும் மோரும் சின்ன வெங்காயமும் போட்டுக் கரைத்துக் கொடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணி நேரம் கொடுத்தால் வாரம் முழுக்கக் கை ஓயும். வெங்காயம் 1 கிலோ, தக்காளி 1 கிலோ, இஞ்சி பூண்டு விழுது 100 கிராம், எண்ணெய் 100 மில்லி. வெங்காயம் பொன்னிறமாகும் வரை வதக்கி, விழுது, தக்காளி, மஞ்சள், உப்பு சேர்த்து, ஓரத்தில் எண்ணெய் பிரியும் வரை சுண்ட விடுங்கள், சுமார் முக்கால் மணி நேரம். ஈரம் இருந்தால் மூன்றே நாளில் புளித்துப்போகும். நன்றாகச் சுண்டியதை ஈரமில்லாத டப்பாவில், ஈரமில்லாத ஸ்பூனோடு ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம். இதில் நாலு கரண்டி, மிளகாய்த்தூள், தண்ணீர் சேர்த்துக் கொதித்தால் 10 நிமிடத்தில் முட்டைக் குழம்பு. வேகவைத்த கடலையைப் போட்டால் கடலைக் குழம்பு. நெத்திலி போட்டால் தொக்கு.

கொண்டைக்கடலை 400 கிராம் சனிக்கிழமை இரவே ஊறட்டும். வெயில் காலத்தில் வெளியே வைத்தால் காலைக்குள் நுரைத்து நாறும், ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் வேறு தண்ணீரில் உப்பு போட்டு 5 விசில் விட்டு, ஆறியதும் பாதியை ஃபிரிட்ஜில் வையுங்கள், இரண்டு நாளைக்குள் தீர்த்துவிடுங்கள். பிள்ளைகளின் மாலைத் தீனி இங்கேதான் தீரும். நாலரை மணிக்குப் பசியோடு வரும் பிள்ளை கண்ணில் படுவதைத் தின்னும். பாட்டி வீட்டில் இருப்பதால் சுண்டலைத் தாளித்துக் கிண்ணத்தில் போட்டுத் தர ஆள் இருக்கிறது. மற்ற நாள்களில் வறுத்த வேர்க்கடலையும் பொட்டுக்கடலையும் சம அளவு கலந்து ஒரு கைப்பிடி, சுண்டைக்காய் அளவு வெல்லம், ஒரு வாழைப்பழம். பிஸ்கட்டை வாங்கி உயரத்தில் ஒளித்துவைப்பதால் பயனில்லை, வாங்காமல் இருங்கள்.

மிச்சச் சோறு விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். மதியம் வடித்த சோறோ குழம்பு கலந்த சாதமோ அடுப்படிச் சூட்டில் ராத்திரி வரை கிடந்தால், வேகும்போதும் சாகாத ஒரு கிருமி அதில் பெருகி நஞ்சு கக்கும், திரும்பச் சூடு செய்தாலும் அந்த நஞ்சு போகாது. ராத்திரி மிஞ்சுவதை ஆறியவுடன், சோறு மூழ்கி இரண்டு விரற்கடை மேலே நிற்கும்படி நல்ல தண்ணீர் ஊற்றி மூடி வைத்தால் காலையில் பழைய சோறு, தயிரும் வேர்க்கடலைத் துவையலும் தொட்டுக்கொள்ள மகளுக்கு இன்னொரு நாள் காலை உணவு. குழம்பு கலந்த சாதத்தில் தண்ணீர் ஊற்றி வைக்க முடியாது, தேங்காய் சேர்ந்தது அதைவிட முன்னால் கெடும். அவை இரண்டும் ஆறியதும் ஃபிரிட்ஜுக்குப் போய்விட வேண்டும். ராத்திரி கரன்ட் போய் நெடுநேரம் வராமல் இருந்தால் காலையில் முகர்ந்துகூடப் பார்க்காமல் கொட்டிவிட்டு, அந்த நாளுக்கென்று ஒரு டப்பா பருப்புப் பொடி வைத்துக்கொள்ளுங்கள். துவரம்பருப்பு 1 டம்ளர், பொட்டுக்கடலை அரை டம்ளர், மிளகாய் 6, மிளகு 1 டீஸ்பூன், பூண்டு 8 பல், எல்லாவற்றையும் தனித்தனியாக வறுத்து, முழுக்க ஆறிய பிறகு அரையுங்கள். சூட்டோடு அரைத்து மூடினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். ஆளுக்கு 2 டேபிள்ஸ்பூன், ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெய், சுடுசோறு, ஒரு அவித்த முட்டை.